பழைய ஜீப்புக்குக் கியர்பாக்ஸ் சாமான்: வாங்கும் முன்பும் வாங்கிய பிறகும்

ஐப்பசியில் நாலு நல்ல மழை விழுந்துவிட்டால் கரிசல் காட்டுக்குள் எல்லா வண்டியும் இறங்காது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த மண், நீரைக் குடித்து உப்பி, பிசின்போல டயரில் அப்பிக்கொள்ளும். எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலைப் பக்கம் விதையும் உரமும் ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போகவும், விளைந்த உளுந்தையும் மக்காச்சோளத்தையும் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்து சேர்க்கவும், நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப்பை விடாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த வண்டிக்கு அதிகம் அடி விழுவது கியர்பாக்ஸில்தான். சேற்றில் முதல் கியரிலேயே முக்கிப் போக வேண்டும். பாரத்தோடு முன்னும் பின்னுமாக ஆட்டி எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும். கோடையில் காற்றுத் துளையைப் புழுதி அடைக்கும். ஒருநாள் கியர் தானாகக் கழன்று விழத் தொடங்கும், அல்லது உறுமல் சத்தம் வரும். அப்போதுதான் உரிமையாளருக்கு உண்மையான சோதனை ஆரம்பிக்கிறது. அந்த மாடல் நின்று பல வருடமாகியிருக்கும். ஷோரூமில் கைவிரிப்பார்கள். ‘எப்படியாவது ஒன்று கிடைத்தால் போதும்’ என்ற அவசரத்தில், கேட்ட விலையைக் கொடுத்து, பில் இல்லாமல், கண்ணில் பட்டதை வாங்கிவிடுவோம்.

அரிதான சாமான் என்பதற்காக வாங்குபவரின் உரிமை எதுவும் குறைந்துவிடுவதில்லை. ஆனால் அந்த உரிமை இரண்டு காரியத்தைச் செய்தவருக்கே கைகொடுக்கும். எதை வாங்குகிறோம் என்பதைச் சாமானின் எண்ணோடும் அளவோடும் தெரிந்து வாங்கியிருக்க வேண்டும். அதைக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

எந்தப் பெட்டி என்று முதலில் பாருங்கள்

‘ஜீப் கியர்பாக்ஸ்’ என்று பொதுவாகக் கேட்டால் கடைக்காரர் பொதுவாகத்தான் தருவார். வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1940-களின் பிற்பகுதியில் கோத்துத் தரத் தொடங்கியது. அந்த வழியில் வந்த சி.ஜே. 3பி போன்ற வண்டிகளில் டி-90 என்ற மூன்று கியர் பெட்டி இருந்தது. பின்னால் வந்த எம்.எம். 540 போன்றவற்றில் கே.எம்.டி-90 என்ற நான்கு கியர் பெட்டி பரவலானது. பேஜோ டீசல் என்ஜின் வந்த காலத்தில் பி.ஏ-10 என்ற ஐந்து கியர் பெட்டியும், அதற்குப் பிறகு பொலிரோ, பழைய தார் வண்டிகளில் என்.ஜி.டி. வரிசையும் வந்தன. மாருதி ஜிப்ஸி 1985-இல் 970 சி.சி. என்ஜினோடும் நான்கு கியரோடும் வந்தது; 1.3 லிட்டர் ஜிப்ஸி கிங்கில் ஐந்து கியர். பொதுமக்களுக்கான ஜிப்ஸி விற்பனை 2019-இல் நின்றது.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாடல் பெயரை மட்டும் வைத்துச் சாமான் வாங்கக் கூடாது. இருபது, முப்பது வருடம் ஓடிய வண்டியில் முந்தைய உரிமையாளர் வேறு பெட்டியை மாட்டியிருக்கலாம். பெட்டியின் உடம்பில் வார்ப்பிலேயே பதிந்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படம் எடுங்கள். முன்கியர் எத்தனை, பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் மாட்டியிருக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயருள்ள பெட்டியிலும் இருசக்கர இழுவைக்கு ஒரு மெயின் ஷாஃப்ட், நாலுசக்கர இழுவைக்கு வேறொரு மெயின் ஷாஃப்ட் இருக்கும். இரண்டையும் மேசைமேல் வைத்துப் பார்த்தால்தான் வால்பக்கம் மாறுவது தெரியும்.

பல்சக்கரம் வாங்கும்போது பல் எண்ணிக்கை, சாய்வு, உள்விட்டம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கிளட்ச் பக்கம் நீளும் ஷாஃப்டில் வரிப்பல் எண்ணிக்கை உங்கள் கிளட்ச் பிளேட்டோடு பொருந்த வேண்டும். எப்போதும் ஒன்றோடொன்று கடித்து ஓடும் இரண்டு பல்சக்கரங்களில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால், தேய்ந்த பழையது புதியதையும் சீக்கிரம் தின்றுவிடும். சோடியாகவே மாற்ற வேண்டும். பழைய சாமானைக் கையோடு எடுத்துப் போவதுதான் எல்லாவற்றிலும் நல்லது. வெளியூரிலிருந்து வரவழைத்தால், அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.

கழற்றும் முன் சத்தத்தைக் கேளுங்கள்

தேவையில்லாத சாமான் வாங்குவதும் நட்டம்தான். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் என்ஜினை ஓடவிடுங்கள். உறுமல் கேட்கிறது, கிளட்சை மிதித்ததும் நின்றுவிடுகிறது என்றால், பெட்டியின் முன்பக்க பேரிங்கையோ லே ஷாஃப்ட் பேரிங்கையோ சந்தேகிக்கலாம். மாறாக, கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்குக் கியர்பாக்ஸ் செட்டே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கியர் கழன்று விழுவதற்குப் பல்தேய்வு மட்டும் காரணமல்ல. உள்ளே இருக்கும் சின்ன உருண்டையும் ஸ்பிரிங்கும் சோர்ந்துபோயிருக்கலாம், ஃபோர்க் தேய்ந்திருக்கலாம். அவற்றின் விலை மிகக் குறைவு.

பழைய மூன்று கியர் பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோவே கிடையாது. வண்டி ஓடும்போது முதல் கியர் போட்டால் கரகரக்கத்தான் செய்யும். அதைப் பழுது என்று நினைத்து ‘சின்க்ரோ ரிங் மாத்தணும்’ என்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

உள்ளூரிலேயே கிடைக்கும் சாமான்கள்

கியர்பாக்ஸுக்குள் இருப்பதெல்லாம் ஜீப் கம்பெனி செய்தது அல்ல. பந்து பேரிங் உலகம் முழுக்க ஒரே எண் முறையில் வருகிறது. உதாரணமாக 6207 என்று எண் இருந்தால் அதன் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள். 35 மில்லிமீட்டர் உள்விட்டம். வெளிவிட்டம் 72, அகலம் 17. அதே எண்ணுக்குப் பின்னால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால், வெளி வளையத்தில் சர்க்லிப் உட்காரப் பள்ளம் வெட்டியது என்று பொருள். ‘சி3’ என்றிருந்தால் உள்ளே இடைவெளி சற்றுக் கூடுதல். இந்தப் பின்னொட்டுகளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் தவறான பேரிங் வந்துசேரும்.

ஆயில் சீலும் அப்படித்தான். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் அதன்மேலேயே அச்சாகியிருக்கும். எண் அழிந்துபோயிருந்தால் லேத் பட்டறையில் வெர்னியர் வைத்து அளந்து தருவார்கள். இந்த வட்டாரத்தின் கோவில்பட்டி, 1891-இலேயே நூற்பாலை வந்த ஊர். தீப்பெட்டி இயந்திரங்களும் ஓடும் ஊர். ஆலைக்கும் இயந்திரத்துக்கும் பேரிங் விற்கும் கடைகளில் முதலில் எண்ணைக் காட்டிக் கேளுங்கள். ‘இது ஜீப் ஸ்பெஷல்’ என்று பெயர் வைத்துக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆக, வெளியூர் அலைச்சல் தேவைப்படுவது பல்சக்கரம், ஷாஃப்ட், சின்க்ரோ ரிங், ஃபோர்க், பெட்டி உடம்பு ஆகியவற்றுக்குத்தான். அவை புதிதாக வேண்டுமென்றால் கம்பெனி டீலரிடம் பாக எண்ணைக் கொடுத்து இருப்பு பார்க்கச் சொல்லலாம். பழையது என்றால் பலர் போவது சென்னை புதுப்பேட்டைக்கு. வடக்கே டெல்லி மாயாபுரியும், பழைய ஜீப்புகளைப் பிரித்துச் சேர்ப்பதற்குப் பெயர்போன ஹரியானாவின் மண்டி டப்வாலியும் இருக்கின்றன. போனில் சொன்னால் அங்கிருந்து பார்சலில் சாமான் வருகிறது.

நான்கு ஆபத்துகள்

முதலாவது போலி. பிரபல பேரிங் கம்பெனிகளின் பெட்டியையும் முத்திரையையும் அப்படியே நகலெடுத்து விற்கிறார்கள். எஸ்.கே.எஃப். நிறுவனம் ‘எஸ்.கே.எஃப். ஆதென்டிகேட்’ என்ற செயலியை வைத்திருக்கிறது. சந்தேகமான பேரிங்கைப் படம் எடுத்து அதில் அனுப்பிச் சரிபார்க்கலாம். ஷேஃப்லர் நிறுவனத்துக்கும் இதேபோன்ற செயலி உண்டு. பெட்டிக்குள் அடைத்து விற்கும் எந்தச் சாமானிலும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் சொல்லவேண்டிய தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. விலாசமே இல்லாத பெட்டியை வாங்காதீர்கள்.

இரண்டாவது, பழையதைப் புதிது என்று விற்பது. பல்லைத் தேய்த்து, வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்து வரும் சாமானைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். பல்லின் ஓரத்தில் சிறு சிதறல், ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தில் வரி, சின்க்ரோ ரிங்கின் உள்பக்கக் கோடுகள் மழுங்கியிருப்பது ஆகியவற்றை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

மூன்றாவது திருட்டுச் சாமான். ஆர்.சி.யில் பதிவாவது என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும்தான். கியர்பாக்ஸுக்கு அப்படி ஒரு பதிவு இல்லை. அதனாலேயே திருடிப் பிரித்த வண்டியின் கியர்பாக்ஸ் எளிதாகக் கைமாறுகிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றியோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நடப்பு விலையில் கால்வாசிக்குத் தருகிறேன், பில் கேட்காதே என்று சொல்வது அப்படி நம்பக் காரணமாகிவிடும். பதிவு பெற்ற வாகனச் சிதைப்பு நிலையங்கள், வண்டியைப் பிரிக்கும் முன் திருட்டு வாகனப் பதிவேடுகளில் சரிபார்க்க வேண்டும் என்று 2021 விதிகள் சொல்கின்றன. அங்கிருந்து பில்லோடு வரும் பழைய சாமானுக்கு இந்தப் பயம் குறைவு.

நான்காவது, உயிருக்கு வரும் ஆபத்து. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் இருக்கும் டிரம்மில் இருக்கிறது. அங்கே மட்டமான ஆயில் சீல் போட்டு எண்ணெய் கசிந்தால் அது நேராக ஹேண்ட்பிரேக்கை நனைக்கும். சரிவில் நிறுத்திய வண்டி நகர்ந்துவிடும். பெட்டியை மூடும்போது, இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழாமல் தடுக்கும் சின்னப் பின்னை விட்டுவிட்டால், ஓடும்போதே பெட்டி பூட்டிக்கொள்ளும். ஆயிலிலும் கவனம் தேவை. பித்தளை சின்க்ரோ ரிங் உள்ள பெட்டிக்குக் கையேடு ஜி.எல்-4 தர ஆயில் என்று சொன்னால் அதைத்தான் ஊற்ற வேண்டும். கிரவுனுக்கு ஊற்றும் ஜி.எல்-5 ஆயில்கள் சிலவற்றில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் பித்தளையை அரித்துவிடும். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே மாற்றுங்கள்.

சட்டம் உங்களுக்குத் தரும் உரிமைகள்

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பழைய, புதுப்பித்த, மறுசீரமைத்த பொருளைப் புதிது என்று சொல்லி விற்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு குறித்திருந்தால் அதற்குள்ளும், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளும் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். குறையுள்ள சாமானுக்கு அந்த வரி சட்டத்தின் முன் நிற்காது.

அதே சட்டத்தில், போலியை அசல் என்று விற்றால் தண்டனையும் உண்டு. போலிச் சாமானால் வாங்கியவருக்குக் காயம் ஏற்பட்டால் ஓர் ஆண்டு வரையும், கொடுங்காயம் என்றால் 7 ஆண்டு வரையும் சிறை. உயிர் போனால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை நீளலாம்; 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. கம்பெனி முத்திரையைப் போலியாகப் பயன்படுத்துவது 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி கடையைச் சோதித்துப் பறிமுதல் செய்யலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ‘பழையது, இருக்கிறபடி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றவரிடம் புதுச் சாமானுக்குரிய ஆயுளை எதிர்பார்க்க முடியாது. ஆனால் ‘பெட்டி நன்றாக ஓடிய வண்டியில் கழற்றியது’, ‘எம்.எம். 540-க்கு அப்படியே பொருந்தும்’ என்று அவர் சொல்லியிருந்தால் அந்தச் சொல்லுக்கு அவர் பொறுப்பு. அதை எழுதி வாங்குங்கள்.

பில்லில் என்ன இருக்க வேண்டும்? கடையின் பெயர், முகவரி, வரிசை எண், தேதி, உங்கள் பெயர், சாமானின் விவரம், எண்ணிக்கை, விலை, வரி, விற்றவர் கையெழுத்து. விவரம் என்ற இடத்தில் ‘ஸ்பேர்ஸ் – 1’ என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். ‘கே.எம்.டி-90, நாலுசக்கர இழுவை, மெயின் ஷாஃப்ட், பழையது, 15 நாள் உத்தரவாதம்’ என்று இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு கடையானாலும் கையால் எழுதிய ரசீது தரலாம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்கள் அனைத்துக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், முன்பு பலவற்றுக்கு 28 ஆக இருந்தது. இன்னும் 28 போடும் பில்லைக் கேள்வி கேளுங்கள்.

‘வாடகைக்கு ஓட்டும் வண்டி, எனக்கு நுகர்வோர் சட்டம் பொருந்துமா?’

பொருந்தும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. 1995-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக விளக்கியது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் மீது தொடுத்த வழக்கு அது. இயந்திரம் வாங்கியது பெரிய அளவிலான வணிகத்துக்கு என்பதால் அந்த நிறுவனம் தோற்றது. ஆனால், வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்று அதே தீர்ப்பு சொன்னது. சொந்தக் காட்டுக்கு ஜீப் வைத்திருக்கும் சம்சாரிக்கும், தானே ஓட்டி வாடகை எடுப்பவருக்கும் இந்தத் தீர்ப்பு துணை நிற்கும். பல வண்டிகளை ஆள் வைத்து ஓட்டுபவருக்கு நிற்காது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மெக்கானிக் சாமான் வாங்கி உங்களுக்கு விற்றால், கடையின் கண்ணில் அவர் மறுவிற்பனைக்கு வாங்கியவர். ஆகவே மெக்கானிக் போய் வாங்கினாலும் பில்லை உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். பட்டறைக் கூலிக்குத் தனி ரசீது வாங்குங்கள். சாமான் கெட்டதா, மாட்டியதில் தவறா என்ற சண்டை வரும்போது இந்த இரண்டு தாளும் பேசும்.

பட்டறையும் நீங்களும்

வண்டியை விடும்போதே எந்த வேலை, தோராயமாக எவ்வளவு, எந்தத் தேதி என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கழற்றிய பழைய சாமானெல்லாம் உங்கள் சொத்து. திரும்பக் கேட்டு வாங்குங்கள். அது, வேலை நடந்ததற்கும் சாட்சி. விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பதைப் போலவே வண்டியைப் பட்டறைக்காரர் கவனத்தோடு காக்க வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியைத் தராமல் வைத்துக்கொள்ளும் உரிமையை அதே சட்டம் பட்டறைக்காரருக்கும் தருகிறது. கூலித் தொகையில் தகராறு என்றால், ‘ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துப் பணம் கட்டி வண்டியை எடுத்துவிட்டு, பிறகு புகார் செய்வதுதான் நடைமுறைக்கு உகந்தது. விதைப்பு நேரத்தில் வண்டி பட்டறையில் கிடந்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

வேறு மாடல் பெட்டியை மாட்டச் சொல்லி யோசனை வந்தால் நிதானியுங்கள். அதே வகைப் பெட்டியை மாற்றுவதில் சிக்கலில்லை. தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்கலாம். பெட்டியோடு என்ஜினையும் மாற்றுவதாக இருந்தால், கோவில்பட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

கம்பெனியே சாமான் தராவிட்டால்

ஒரு மாடல் நின்றபின் இத்தனை ஆண்டுக்கு உதிரி பாகம் தந்தே ஆக வேண்டும் என்று எல்லா வண்டிக்கும் பொருந்தும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. பழைய வண்டிக்காரரின் பெரிய பலவீனம் இதுதான். ஆனால் கதவு முழுதாக மூடவும் இல்லை.

2011-இல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கார் கம்பெனிகள் உதிரி பாகத்தைத் திறந்த சந்தையில் விற்க மறுக்கின்றன என்று இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார். மூன்று கம்பெனிகள்மீது தொடங்கிய விசாரணை பதினேழு கம்பெனிகளுக்கு விரிந்தது. மகிந்திரா, மாருதி சுசூகி, டாடா ஆகியவையும் அதில் அடங்கும். 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் பதினான்கு கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகத்தை வெளிப் பட்டறைக்காரரும் வாங்க வழிசெய்ய வேண்டும், வெளியே பழுதுபார்த்தார் என்பதற்காக உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று கம்பெனிகளின் அபராதத்தைக் குறைத்தது. ஆனால் அவர்கள் செய்தது தவறு என்ற முடிவை மாற்றவில்லை.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ குறித்து ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-இல் அதற்கென்று ஓர் இணையதளம் தொடங்கப்பட்டது. வாகனமும் வேளாண் கருவியும் அதில் உள்ள நான்கு துறைகளில் இரண்டு. கம்பெனி டீலரிடம் பாக எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். ‘இல்லை’ என்ற பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். இப்படிக் குவியும் கடிதங்கள்தான் நாளைய சட்டத்துக்கு ஆதாரமாகும்.

ஆன்லைனில் வாங்கினால்

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு இணைய விற்பனைத் தளத்துக்கும் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறையுள்ள பொருளையும் போலிப் பொருளையும் திரும்பப் பெற மறுக்க முடியாது. பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டில் தொடங்கி வீடியோ எடுங்கள். முன்பின் தெரியாதவருக்கு வாட்ஸ்அப்பில் படம் பார்த்து முழுப் பணமும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அந்த உரையாடலையும் பணம் போன பதிவையும் அழிக்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது

முதலில், உடைந்த சாமானைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. கழற்றிய நிலையிலேயே படம் எடுத்து, என்ன குறை என்று மெக்கானிக்கிடம் கையெழுத்துடன் ஒரு தாள் வாங்குங்கள். குறையைச் சோதனை செய்துதான் சொல்ல முடியும் என்றால், நுகர்வோர் ஆணையமே சாமானை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

அடுத்து, கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம். வாங்கிய தேதி, பில் எண், குறை, நீங்கள் கேட்பது சாமானா பணமா, பதிலுக்கு எத்தனை நாள் என்பதை நாலு வரியில் எழுதினால் போதும். பல தகராறுகள் இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலும் பேசலாம்.

அதற்கும் பலனில்லை என்றால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; 2019 சட்டம் தந்த பெரிய வசதி இது. செலுத்திய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தின் வரம்பு. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. ‘இ-ஜாக்ரிதி’ இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் கூடுதலாகலாம், அதற்குத் தயாராக இருங்கள். மாற்றுச் சாமான், பணம், வட்டி, இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேட்கலாம். வண்டி நின்ற நாட்களில் வேறு வண்டிக்குக் கொடுத்த வாடகை ரசீதை வைத்திருந்தால் இழப்பீட்டுக்கு அது ஆதாரம். தீர்ப்பு பிடிக்காவிட்டால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்கு உட்பட்டோர் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலவசச் சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். போலி முத்திரை, திருட்டுச் சாமான் என்ற சந்தேகம் இருந்தால் நுகர்வோர் ஆணையத்தோடு நிறுத்தாமல் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து ரசீது பெறுங்கள்.

கோவில்பட்டி வட்டாரத்தில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்களே. எந்தக் கடையில் பில் தருகிறார்கள், எந்தப் பெட்டிக்கு எந்த எண் பேரிங் பொருந்தியது, எது ஆறே மாதத்தில் போனது என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்; அடுத்தவருக்கும் சொல்லுங்கள். பெட்டியை மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், ஆவணியிலேயே திறந்து பாருங்கள். அவசரம் இல்லாதபோதுதான் பேரம் பேசவும் முடியும், பில் கேட்கவும் முடியும். அடுத்த முறை கடைவாசலில் நிற்கும்போது, பணத்தை எடுக்கும் முன், ‘அண்ணாச்சி, விவரம் எழுதி பில் போடுங்க’ என்று கேளுங்கள். போட மறுக்கும் கடையில் சாமான் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.